வீட்டுக்கு வந்து கேள்வி கேட்கும் கணக்கெடுப்பாளர்: இந்த முறையை உருவாக்கிய மகலனோபிஸ் யார்?

ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண் அசரலாம் என்று நினைக்கும்போது காலிங் பெல் அடிக்கிறது. கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட்டோடு ஒருவர் நிற்கிறார். மத்திய அரசின் கணக்கெடுப்பு என்கிறார். வீட்டில் எத்தனை பேர், கடந்த 30 நாளில் எத்தனை கிலோ அரிசி வாங்கினீர்கள், பால் எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு செலவு என்று கேள்விகள் நீண்டுகொண்டே போகின்றன.

உங்களுக்கு எரிச்சல் வருவது நியாயம்தான். தெருவில் இத்தனை வீடு இருக்க, என் வீடுதானா கிடைத்தது? நான் எவ்வளவு எண்ணெய் வாங்கினால் அரசாங்கத்துக்கு என்ன? பதில் சொல்லாவிட்டால் என்ன ஆகிவிடும்?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் வேண்டுமானால் ஒரு மனிதரின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் இயற்பியல் படித்தவர், ரவீந்திரநாத் தாகூரின் நண்பர், நேருவின் ஆலோசகர். பெயர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். அவருடைய பிறந்தநாளான ஜூன் 29-ஐத்தான் 2007 முதல் தேசியப் புள்ளியியல் தினமாக இந்தியா கடைப்பிடிக்கிறது.

ராமானுஜனும் ஒரு தெருக் கணக்கும்

மகலனோபிஸ் 1893-ல் கல்கத்தாவில் பிறந்தார். பிரம்ம சமாஜத்தில் ஊறிய குடும்பம். தாத்தா குருசரண், ஊர் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் கைம்பெண் ஒருவரை மணந்தவர். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் மகலனோபிஸ் இயற்பியல் படித்தார். ஜகதீஷ் சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் அங்கே ஆசிரியர்கள். மேகநாத் சாகா ஓராண்டு இளையவர்.

1913-ல் இங்கிலாந்து போனார். கேம்பிரிட்ஜைச் சுற்றிப் பார்க்கப் போன இடத்தில் கடைசி ரயிலைத் தவறவிட்டு, நண்பர் ஒருவரிடம் தங்கினார். கிங்ஸ் கல்லூரியின் தேவாலயக் கட்டடம் மனதைக் கவர்ந்துவிட்டது. அங்கேயே சேர்ந்துவிட்டார்.

அடுத்த ஆண்டு சென்னையிலிருந்து அங்கே வந்து சேர்ந்தார் சீனிவாச ராமானுஜன். இருவரும் நெருங்கிப் பழகினார்கள். இரவில் குளிர் தாங்கவில்லை என்று ராமானுஜன் சொல்ல, மகலனோபிஸ் அவர் அறைக்குப் போய்ப் பார்த்தார். கம்பளிகள் எல்லாம் மெத்தையில் இறுக்கிச் செருகியபடியே இருந்தன. அவற்றுக்கு உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. மேலேயே படுத்து நடுங்கிக்கொண்டிருந்தார்! எப்படிப் படுப்பது என்று காட்டிக்கொடுத்தவர் மகலனோபிஸ்தான்.

இன்னொரு நாள், ராமானுஜன் அடுப்படியில் காய் வதக்கிக்கொண்டிருந்தார். மகலனோபிஸ் ஒரு பத்திரிகையில் வந்த புதிரைப் படித்துக் காட்டினார். ஒரு நீளமான தெரு. வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண்கள். ஒரு வீட்டுக்கு இடப்பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் 50-க்கு மேல் 500-க்குள் வீடுகள் உண்டு. அது எந்த வீடு?

விடை, 288 வீடுகள் உள்ள தெருவில் 204-ம் எண். மகலனோபிஸ் போட்டுப் பார்த்துச் சில நிமிடங்களில் கண்டுபிடித்திருந்தார். ராமானுஜனோ கரண்டியைக் கீழே வைக்காமலே, எத்தனை வீடு இருந்தாலும் விடை தரும் ஒரு தொடர்பின்னத்தைச் சொல்லிவிட்டார். பிற்காலத்தில் தெருத்தெருவாக, வீடுவீடாக இந்தியாவைக் கணக்கெடுக்கப் போகிறவரின் வாழ்க்கையில் இப்படி ஒரு புதிர் வந்தது தற்செயல்தான்!

கப்பலில் படித்த பத்திரிகை

1915. படிப்பு முடிந்தது. ஊருக்கு ஒரு நடை போய்வந்து ஆய்வைத் தொடரலாம் என்பது திட்டம். உலகப் போரால் கப்பல் தாமதமானது. அந்த இடைவெளியில் கல்லூரி நூலகத்தில் அவருடைய ஆசிரியர் ஒருவர் 'பயோமெட்ரிகா' என்ற புள்ளியியல் ஆய்விதழைக் காட்டினார். மகலனோபிஸுக்கு ஆர்வம் தொற்றிக்கொண்டது. அதுவரை வெளிவந்த தொகுதிகளை வாங்கிக் கப்பலில் உட்கார்ந்து படித்தார். மழை, பயிர், மனித உடல் அளவு என்று எதையும் இந்த அறிவியல் வழியாகப் பார்க்க முடியும் என்று புரிந்தது.

அவர் கேம்பிரிட்ஜுக்கு ஆய்வாளராகத் திரும்பவே இல்லை. பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் ஆசிரியரானார். 1923-ல் நிர்மல்குமாரியை மணந்தார். தாகூரின் விசுவபாரதியில் பொறுப்பு ஏற்றார், 1926-ல் அவருடன் ஐரோப்பா சுற்றினார். நடுநடுவே புள்ளியியல்.

ஒடிசாவில் 1926-ல் வெள்ளம் வந்தது. ஆற்றுப்படுகை உயர்ந்துவிட்டது, கரையை உயர்த்த வேண்டும் என்றார்கள் பொறியாளர்கள். பல பத்தாண்டு மழை, நீர்மட்டக் கணக்குகளை அலசிய மகலனோபிஸ், படுகை உயரவே இல்லை, காரணம் மேல்நிலத்தில் பெய்த கனமழை என்று காட்டினார். கரையை உயர்த்திப் பயனில்லை, மேலே நீரைத் தேக்க வேண்டும் என்பது அதிலிருந்து வந்த முடிவு.

1931 டிசம்பரில் கல்லூரி அறை ஒன்றில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் பிறந்தது. முதல் ஆண்டுச் செலவு 238 ரூபாய். 1933-ல் 'சங்க்யா' என்ற ஆய்விதழ். 1936-ல் அவர் வகுத்த 'மகலனோபிஸ் தொலைவு' என்ற அளவை, இன்று செயற்கை நுண்ணறிவு படிக்கும் மாணவர்கள் வரை எல்லோருக்கும் பாடமாக இருக்கிறது.

ஒரு பானைச் சோறு

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். எல்லோரையும் கேட்காமல் சிலரை மட்டும் கேட்டால் நாட்டின் நிலைமை எப்படித் தெரியும்?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். மாதிரி ஆய்வின் தத்துவமே அதுதான். ஆனால் சமைப்பவருக்கு இன்னொன்றும் தெரியும். கிளறாத பானையில் மேலாக ஒரு பருக்கையை எடுத்துப் பார்த்தால் ஏமாந்துபோவோம். அடி வெந்திருக்கும், மேல் அரிசியாக இருக்கும். பருக்கையை எங்கிருந்து, எப்படி எடுப்பது? மகலனோபிஸ் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டது இந்தக் கேள்விக்குத்தான்.

முதல் சோதனைக்களம் வங்காளத்தின் சணல் வயல்கள். எவ்வளவு சணல் விளையும் என்பதை வைத்துத்தான் விலை ஆடும். அரசிடம் இருந்ததோ உள்ளூர்க்காரர்கள் சொன்ன உத்தேசக் கணக்கு. 1937-ல் மகலனோபிஸ் சிறிய அளவில் தொடங்கினார். வரைபடத்தில் குலுக்கல் முறையில் புள்ளிகள் வைத்து, அந்த இடங்களுக்கு மட்டும் ஆள் அனுப்பி, என்ன பயிர் என்று பார்க்கச் சொன்னார். ஆண்டுக்கு ஆண்டு பரப்பைக் கூட்டி, 1941-ல் வங்காளம் முழுவதையும் எட்டினார்.

அரசு ஒருபுறம் வயல் வயலாக முழுக் கணக்கெடுப்பும் நடத்திப் பார்த்தது. மாதிரி ஆய்வுக்கு ஆன செலவு அதில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் சந்தைக்கு வந்த சணலின் அளவோடு நெருக்கமாகப் பொருந்தியது மாதிரி ஆய்வின் கணக்கு. முழுதாக எண்ணியவர்கள் கோட்டை விட்டிருந்தார்கள்.

அது எப்படி? ஆயிரக்கணக்கானவர்களை அவசரமாக வேலைக்கு எடுத்தால் எல்லோரும் வயலுக்குப் போவார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? திண்ணையில் உட்கார்ந்தே படிவத்தை நிரப்புபவர்கள் இருப்பார்கள். குறைவான பேர், நல்ல பயிற்சி, நெருக்கமான மேற்பார்வை என்றால் தவறு குறையும். கணித நூல்கள் பேசாத இந்த மனிதத் தவறைத்தான் மகலனோபிஸ் பெரிய எதிரியாகப் பார்த்தார்.

அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்தார். ஒரே பகுதிக்கு இரண்டு குழுக்களை, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல், தனித்தனி மாதிரிகளோடு அனுப்புவது. இரண்டு விடையும் ஒத்துப்போனால் நம்பலாம். பெரிதாக விலகினால் எங்கோ கோளாறு. கணக்கு எழுதுபவரைச் சரிபார்க்க இன்னொருவரை ரகசியமாக அனுப்பும் முறை அர்த்தசாஸ்திரத்திலேயே இருப்பதை அவர் கவனித்திருந்தார். புதுமை என்னவென்றால், அந்தப் பழைய எச்சரிக்கையைக் கணிதமாக மாற்றியதுதான்.

பஞ்சத்துக்குப் பிறகு கேட்ட கேள்விகள்

1943-ல் வங்காளப் பஞ்சம். பல லட்சம் பேர் மாண்டார்கள். பஞ்சம் ஓய்ந்த பின் 1944-45-ல் மகலனோபிஸின் குழு கிராமங்களுக்குப் போனது. ஆயிரக்கணக்கான குடும்பங்களிடம் நிலம் விற்றீர்களா, அடகு வைத்தீர்களா, உழவு மாடு இருக்கிறதா, முன்பு என்ன தொழில், இப்போது என்ன தொழில் என்று கேட்டது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வீட்டில் சாவு விழுந்து ஈரம் காயாதவர்களிடம் போய், எத்தனை மாடு இருந்தது என்று கேட்பது எவ்வளவு கடினம்! ஆனாலும் அவர்கள் பதில் சொன்னார்கள். அந்தப் பதில்களிலிருந்து யார் எவ்வளவு அழிந்தார்கள் என்ற சித்திரம் கிடைத்தது. பஞ்சம் எல்லோரையும் ஒரே மாதிரி தாக்கவில்லை. மீனவர்கள், விவசாயக் கூலிகள், வண்டி ஓட்டிப் பிழைத்தவர்கள் போன்றோர் அதிகம் நொறுங்கினார்கள். துண்டு நிலம் வைத்திருந்தவர்கள் அதையும் விற்றார்கள்.

இந்த ஆய்வு 1946-ல் வெளியானது. பல ஆண்டுகள் கழித்து அமர்த்தியா சென், பஞ்சம் என்பது உணவு இல்லாததால் மட்டும் வருவதல்ல, உணவை வாங்கும் சக்தி சிலரிடம் இல்லாமல் போவதாலும் வருவது என்று 1981-ல் வெளிவந்த நூலில் வாதிட்டபோது, அவருக்குக் கைகொடுத்த ஆதாரங்களில் இதுவும் ஒன்று. பெயர் தெரியாத அந்தக் குடும்பங்கள் சொன்ன பதில்கள், பஞ்சத்தைப் பற்றிய உலகின் பார்வையையே மாற்ற உதவின.

1950: நாடு முழுவதும் ஒரு கேள்வித்தாள்

சுதந்திரம் வந்தது. நேரு திட்டமிட விரும்பினார். ஆனால் எதை வைத்துத் திட்டமிடுவது? மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்பதற்கு நம்பகமான கணக்கு இல்லை. 1949-ல் மகலனோபிஸ் மத்திய அமைச்சரவையின் புள்ளியியல் ஆலோசகரானார். தேசிய வருமானக் குழுவுக்கும் தலைமை தாங்கினார். கணக்கில் இருந்த ஓட்டைகளை அடைக்க அவர் முன்வைத்த வழிதான் தேசிய மாதிரி ஆய்வு. முதல் சுற்று 1950 அக்டோபரில் தொடங்கி, 1951 மார்ச் வரை கிராமங்களில் நடந்தது.

இன்றைக்குக் கேட்க எளிதாக இருக்கும். அன்று நிலைமை வேறு. மெட்ரிக் முறை வரவில்லை. தெற்கே படி, மரக்கால். வடக்கே சேர், மணங்கு. ஓர் ஊர்ப் படியும் பக்கத்து ஊர்ப் படியும் ஒன்றல்ல. நிலத்தை அளக்கக் குழி, மா, பிகா, கத்தா என்று நூற்றுக்கும் மேற்பட்ட அளவுகள். கேள்வித்தாளைப் பல மொழிகளில் பெயர்த்து, இந்த அளவுகளை எல்லாம் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். சாலை இல்லாத ஊருக்கு நடந்தே போக வேண்டும். உணவு தானியக் கட்டுப்பாடு அமலில் இருந்த காலம் வேறு. வீட்டில் எவ்வளவு நெல் இருக்கிறது என்று ஓர் அரசு ஆள் கேட்டால், பிடுங்கிக்கொண்டு போக வந்திருக்கிறான் என்றுதானே விவசாயி நினைப்பார்?

இந்தக் காலத்தில்தான் உங்களை எரிச்சல்படுத்தும் அந்த '30 நாள்' கேள்வியும் முடிவானது. ஏழு நாள் கணக்கைக் கேட்பதா, ஒரு மாதக் கணக்கைக் கேட்பதா? மகலனோபிஸும் அவரது குழுவினரும் இரண்டையும் சோதித்துப் பார்த்து 30 நாளைத் தேர்ந்தார்கள். சின்ன விஷயம் மாதிரி தெரிகிறதா? 1999-2000 சுற்றில் ஒரே படிவத்தில் ஏழு நாள் கேள்வியும் 30 நாள் கேள்வியும் அடுத்தடுத்து இடம்பெற்றன. அதனால் வறுமை உண்மையிலேயே குறைந்ததா, அல்லது கேள்வி மாறியதால் குறைந்த மாதிரி தெரிகிறதா என்று பொருளாதார அறிஞர்கள் பல ஆண்டுகள் மோதிக்கொண்டார்கள்.

எல்லோரும் ஏற்றுக்கொண்டார்களா?

இல்லை. புள்ளியியல் அறிஞர் பி.வி. சுகாத்மே, பயிர் விளைச்சலை அளக்க மகலனோபிஸ் தேர்ந்த சிறிய வெட்டுப் பரப்பு விளைச்சலைக் கூட்டிக் காட்டும் என்று எதிர்த்தார். இந்த விவாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது.

பெரிய சண்டை வேறிடத்தில். 1956-ல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் வரைவு மகலனோபிஸுடையது. முதலில் எஃகு, இயந்திரம் போன்ற கனரகத் தொழில், அதன் பிறகு மற்றவை என்பது அதன் சாரம். பிலாய், ரூர்கேலா, துர்காபூர் எஃகு ஆலைகள் இந்தக் காலத்தவை. பொருளாதார அறிஞர் பி.ஆர். ஷெனாய் 1955-லேயே மறுப்புக் குறிப்பு எழுதினார். அரசிடம் இல்லாத பணத்தைச் செலவிடும் திட்டம் இது என்றார். அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் வந்தது. விவசாயத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்ற குறை இன்றுவரை ஒலிக்கிறது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். வளர்ச்சியின் பலன் யாருக்குப் போனது என்று ஆராய 1960-ல் அமைக்கப்பட்ட குழுவுக்கும் அவரே தலைவர். பொருளாதார பலம் சில பெரிய நிறுவனங்களிடம் குவிவதை அந்தக் குழு பதிவு செய்தது. தான் வகுத்த திட்டமே இலக்கை எட்டவில்லை என்று காட்டக்கூடிய கணக்கையும் ஒளிக்காமல் வைப்பது எளிதல்ல. அப்படி வைத்தால்தான் கணக்குக்கு மதிப்பு.

கடைசி ஆண்டுகள்

1968-ல் பத்ம விபூஷண் கிடைத்தது. ஆனால் அவர் பெற்று வளர்த்த பிள்ளை கையைவிட்டுப் போனது. தேசிய மாதிரி ஆய்வு 1970-ல் புள்ளியியல் நிறுவனத்திடமிருந்து பிரிக்கப்பட்டு, அரசின் நேரடி அமைப்பானது. கேள்வியைத் தயாரிக்கும் அறிஞரும் வீடுவீடாகப் போகும் பணியாளரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்று நம்பியவர் அவர். இந்தப் பிரிவு அவரை வருத்தியது. 1972 ஜூன் 28-ல், 79-வது பிறந்தநாளுக்கு ஒரு நாள் முன்பு, காலமானார்.

அதற்கு ஓராண்டு முன்புதான், 1971-ல், தாண்டேகரும் நீலகண்ட ரத்தும் இந்தியாவின் வறுமையை அளந்து வெளியிட்ட ஆய்வு நாட்டை உலுக்கியது. எத்தனை பேர் வயிறார உண்ண முடியாமல் இருக்கிறார்கள் என்று அவர்கள் சொல்ல முடிந்ததற்குக் காரணம், மாதிரி ஆய்வு திரட்டிய குடும்பச் செலவுக் கணக்குதான். இதே போன்ற குடும்ப ஆய்வுகளை உலகின் பல நாடுகள் பின்னர் எடுத்துக்கொண்டன.

இப்போது உங்கள் வாசலில்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேறு, மாதிரி ஆய்வு வேறு. முதலாவது எல்லா வீட்டுக்கும் வரும். இரண்டாவது குலுக்கலில் தேர்வான வீடுகளுக்கு மட்டும் வரும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பதில் சொல்வது 1948 சட்டப்படி கட்டாயம். மறுத்தாலோ தெரிந்தே பொய் சொன்னாலோ அபராதம் உண்டு. அதே சட்டம் உங்களுக்கும் பாதுகாப்பு தருகிறது. நீங்கள் சொன்ன விவரம் ரகசியம், அதை நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிரான சாட்சியமாகப் பயன்படுத்த முடியாது. மாதிரி ஆய்வுகளுக்குப் பொருந்தும் 2008-ம் ஆண்டுப் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டமும், உங்கள் அடையாளத்தோடு விவரத்தை வெளியிடக் கூடாது என்கிறது.

இரண்டும் ஒன்றை ஒன்று சார்ந்தவை. எந்த ஊரில் எத்தனை வீடு என்ற பட்டியல் முழுக் கணக்கெடுப்பிலிருந்துதான் கிடைக்கிறது. அந்தப் பட்டியலை வைத்துத்தான் மாதிரி எடுக்க முடியும். கடைசியாக முழுக் கணக்கெடுப்பு நடந்தது 2011-ல். அடுத்தது 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாக வைத்து நடத்தப்படும் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதாவது, பானையின் அளவே தெரியாமல் இத்தனை காலம் பருக்கை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அரசுக்கும் இதில் கடமை உண்டு. 2017-18-ல் எடுத்த குடும்பச் செலவு ஆய்வின் முடிவுகளை, தரம் போதவில்லை என்று கூறி மத்திய அரசு வெளியிடவில்லை. பொருளாதார அறிஞர்கள் பலர் எதிர்த்தார்கள். அடுத்த ஆய்வு 2022-23-ல் நடந்தது. மக்கள் நேரம் ஒதுக்கிச் சொன்ன பதில் மக்களுக்கே திரும்பி வர வேண்டும் அல்லவா?

சரி, ஏன் உங்கள் வீடு? 2022-23 ஆய்வில் கேட்கப்பட்ட குடும்பங்கள் சுமார் 2.6 லட்சம். நாட்டில் 2011-லேயே 24 கோடிக்கு மேல் குடும்பங்கள். ஆக, ஒரு வீடு ஏறக்குறைய ஆயிரம் வீடுகளுக்காகப் பேசுகிறது. நீங்கள் கதவைச் சாத்தினால் உங்களைப் போன்ற ஆயிரம் குடும்பங்களின் குரல் குறைகிறது. உங்களுக்குப் பதில் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் போதாதா என்றால், போதாது. பேச விருப்பமுள்ளவர்களை மட்டும் கேட்பது, கிளறாத பானையில் மேலாக எடுத்த பருக்கை.

காவலாளி வைத்த அடுக்குமாடிகளில் கணக்கெடுப்பாளரை உள்ளேயே விடுவதில்லை என்பது களப்பணியாளர்களின் பழைய புலம்பல். வசதியானவர்கள் கணக்கில் வராமல் போனால், நாட்டில் ஏற்றத்தாழ்வு குறைவாக இருப்பது போலத் தோன்றும்.

அதற்காக யார் வந்தாலும் நம்பிவிட வேண்டும் என்று அர்த்தமில்லை. அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் அவர் எந்த அலுவலகத்திலிருந்து வருகிறாரோ அங்கே விசாரியுங்கள். ஓடிபி, ஏடிஎம் பின் எண் இரண்டும் எந்தக் கணக்கெடுப்புக்கும் தேவைப்படாது. யாராவது கேட்டால் தாராளமாகக் கதவைச் சாத்தலாம்.

மற்றபடி, ஒரு நாற்காலி போட்டு, ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்து, எவ்வளவு அரிசி வாங்கினோம் என்பதை வீட்டில் சமைப்பவரிடம் கேட்டுச் சரியாகச் சொல்லுங்கள். நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே சொல்லுங்கள். வாய்க்கு வந்த ஓர் எண்ணைச் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். மகலனோபிஸ் அஞ்சியது விடை தெரியாதவரை விட, விடையை இட்டுக்கட்டுபவரைத்தான்.